'வெர்க்லெம்ப்ட்' என்றால் தொண்டை அடைப்பதா, கூச்சமா?

கேள்வி: எங்கள் அமெரிக்க மேலாளர் ஓய்வு பெறும் நாளில், வீடியோ அழைப்பில் "கொஞ்சம் வெர்க்லெம்ப்ட் ஆகிவிட்டேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இணையத்தில் தேடினால் ஜெர்மன் சொல் என்று வேறு பொருள் வருகிறது. எது சரி? நானும் அதை எழுதலாமா?

பதில்: அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சொல் இத்திஷ் மொழியிலிருந்து வந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய அந்த மொழி ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. அதில் இந்தச் சொல் 'ஃபார்க்லெம்ட்'. 'இடுக்கிப் பிடித்தது போல' என்பது அடிப்படைப் பொருள். நாம் நெஞ்சடைத்தது, நா தழுதழுத்தது என்கிறோமே, அதே உடல் அனுபவம்தான். இத்திஷில் அது துக்கத்தின் பக்கம் சாய்ந்த சொல். ஆங்கிலத்தில் கல்யாணம், பட்டமளிப்பு, பிரிவு விழா என்று மகிழ்ச்சிக் கண்ணீருக்கும் வந்துவிட்டது.

இப்படி லேசானதற்குக் காரணம் தொலைக்காட்சி. 1990களின் தொடக்கத்தில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் மைக் மையர்ஸ் நியூயார்க் யூதப் பெண்மணியாக வேடம் கட்டினார். பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் பேரை எடுத்தாலே அந்த அம்மாளுக்குத் தொண்டை அடைத்துவிடும். கையை வீசி, நான் தேறும்வரை நீங்களே பேசிக்கொண்டிருங்கள் என்று ஒரு தலைப்பும் கொடுத்துவிடுவார். யூத வீடுகளுக்கு வெளியே சொல் பரவியது பெரும்பாலும் அந்தச் சிரிப்போடுதான். அதனால் இன்றும் அதில் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் தொனி உண்டு. இரங்கல் மடலில் மட்டும் வேண்டாம்.

உங்களைக் குழப்பியது ஜெர்மன் 'ஃபெர்க்லெம்ட்'. பிறப்பு ஒன்றுதான், பொருள் வேறு: கூச்சத்தில் இறுகிப்போன ஆள், அதிலும் பாலியல் விஷயத்தில். ஜெர்மன்காரரிடம் "நான் வெர்க்லெம்ப்ட்" என்று சொல்லிவைக்காதீர்கள்! உணர்ச்சி அழுத்தத்துக்கு அங்கே நெருங்கிய சொல் 'பெக்லெம்ட்'. ஜெர்மன் இசையமைப்பாளர் பேத்தோவன், நான்கு நரம்புக் கருவிகளுக்கு எழுதிய தன் 130ஆம் எண் படைப்பில், 'கவட்டினா' எனும் மெதுவான, பாட்டுப் போன்ற பகுதியில், முதல் வயலின் விக்கி விக்கி இசைக்கும் இடத்தின் மேல் அதைத்தான் எழுதிவைத்தார். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அகராதி தேவைப்படாது.

உச்சரிப்பில் பயம் வேண்டாம். முதல் எழுத்தை 'வ' என்றும் 'ஃப' என்றும் சொல்கிறார்கள். நடுவில் உள்ள 'ப்' இத்திஷில் கிடையாது. 'ம்'மிலிருந்து 'ட்'டுக்குப் போகும்போது உதடு தானாகப் போட்ட ஒலி.

எழுதலாமா என்றால், அவருக்கு எழுதலாம். அவரே முதலில் சொன்னதால் உரிமை கிடைத்துவிட்டது. "உங்கள் பேச்சைக் கேட்டு நானும் கொஞ்சம் வெர்க்லெம்ப்ட்" என்று ஒரு வரி போதும். பெருமையில் பூரித்துப்போனேன் என்று சொல்ல நினைத்தால் இத்திஷிலிருந்து வந்த சொல் வேறு: 'க்வெல்'.