மணலில் பிடித்த ஃபோர் வீல் தாரில் விட மறுக்கிறதா?

கேள்வி: மண்டபத்தில் மீன் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். கரையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு மணலைத் தாண்டுகிறேன். சாலைக்கு வந்து 2எச்-க்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றினால் லீவர் அசைவதில்லை. சற்றுத் தூரம் போன பிறகு ‘டங்’ என்ற சத்தத்துடன் விடுகிறது. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம் ஐயா. இந்த வகை வண்டியில் 4எச் போட்டதும், சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தார் வழுக்க விடாது. கழியாத வித்தியாசம், பிழிந்த ஈரத்துணியைப் போல ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறி நிற்கும். பூட்டும் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கையில் லீவர் எப்படி நகரும்? முறுக்குத் தளர்ந்து பற்கள் விலகும் கணத்தில் கேட்பதுதான் அந்த ‘டங்’.

ஆகவே சாலை வரும்வரை காத்திருக்காதீர்கள். மணல் முடியும் இடத்திலேயே ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மாற்றிவிடுங்கள். தாரில் ஏறி மாட்டிக்கொண்டால், நேராகச் சில மீட்டர் மெதுவாகப் பின்னால் எடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். லீவரைக் காலால் உதைக்கிறவர்களையும் இந்தக் கரையில் பார்க்கிறேன். உள்ளே பற்களை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்தால் அப்போது உண்மையாகவே பிரிக்க வேண்டியதுதான்.

கேள்வி: சாயல்குடிப் பக்கம் ஓட்டுகிறேன். நேராகப் போனாலும் விடத் தாமதமாகிறது. கருவேல முள் குத்திக் குத்தி முன் டயர்கள் இரண்டையும் போன மாதம் மாற்றினேன். அதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பின் டயர்கள் 5 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், கணக்குப்படி சுற்றளவில் 3 சென்டிமீட்டர் வேறுபாடு வரும். சக்கரம் கிலோமீட்டருக்கு நானூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, பெருக்கிப் பாருங்கள். திருப்பமே இல்லாமல் முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பதுதான் சரி. எப்படியானாலும் கெட்டித் தரையில் 4எச் பக்கமே போகாதீர்கள். மணலுக்காகக் காற்றைக் குறைத்தவர்கள் சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பிக்கொள்ளவும் வேண்டும்.

கேள்வி: கீழக்கரை. என்னுடையது திருகு பட்டன் வண்டி. 2எச்-க்குத் திருப்பினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

பதில்: கட்டளை போய்விட்டது, வேலை முடியவில்லை என்பதுதான் சிமிட்டலுக்குப் பொருள். நேராக ஓட்டுங்கள்; கொஞ்சம் பின்னால் எடுத்தும் பாருங்கள். தாரில் திரும்பிய பிறகு மட்டும் தாமதம் என்றால் அது முறுக்கு. இளகிய மணலில், நேராக நிற்கும்போதே தாமதம் என்றால் சந்தேகம் ஆக்சுவேட்டர் மீது, அதாவது லீவருக்குப் பதிலாக மாற்றிவிடும் மோட்டார் மீது, போக வேண்டும்.

இந்தக் கரையில் நான் முதலில் பார்ப்பது மோட்டாரை அல்ல, அதன் கனெக்டரை. உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்து, மின்சாரம் அரைகுறையாகப் போகும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வேக்குவத்தில் இயங்கும் வகையாக இருந்தால் ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள், வெயிலில் வெடித்திருக்கும். இவை இரண்டையும் பார்க்காமல் புது மோட்டார் விலை சொல்லும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: தொண்டியில் படகை டிரெய்லரில் இழுக்கப் பின் சக்கரம் முங்கும்வரை கடலில் இறக்குகிறேன். ஆயில் வெள்ளையாக இருக்கிறது.

பதில்: ஆக்ஸில் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் கடல்நீரில் சட்டெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாக நீரை உறிஞ்சும். ஆயிலை உடனே மாற்றி, பிரீதரைச் சுத்தம் செய்து, அதன் குழாயை உயரத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் திறந்து பாருங்கள். இறக்குவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் கிணற்று உப்புநீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம்.

கேள்வி: தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு ஃபோர் வீல் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2017 முதல் முனைவரை நல்ல சாலை இருக்கிறது. 2எச் போதும்.

கேள்வி: தேவிபட்டினம், பழைய வண்டி. லீவர் 2-க்கு வந்துவிட்டது, ஆனால் முன்பக்கம் இரைச்சல் நிற்கவில்லை.

பதில்: முன் சக்கரத்தில் அதை ஆக்ஸிலோடு பூட்டுவதற்குக் கையால் திருகும் ஹப் லாக் இருந்தால், இறங்கிப் போய் அதை விடுவிக்க வேண்டும், லீவர் அதைச் செய்யாது. தானியங்கி ஹப் என்றால் 2-க்கு மாற்றிய பின் நேராகச் சில மீட்டர் பின்னால் போனால்தான் விடும். ஒரு பக்கம் மட்டும் விடவில்லையானால் அந்த ஹப்பைப் பிரித்து, காய்ந்த கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள்.