தோட்டத்தை யார் பூட்டினார்கள்?

அன்புள்ள ஐயா,

கொவிட் காலத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. ஊரடங்கு போட்டு நாட்டை மூடியதால்தான் 2022இல் இலங்கை வங்குரோத்தானது என்றான் உயர்தர மாணவன் ஒருவன். எனக்கும் பாதி சரியென்றே படுகிறது. உயிரா, பொருளாதாரமா என்று வரும்போது ஓர் அரசாங்கம் எவ்வளவு தூரம் போகலாம்?

ஓர் ஆசிரியர், தலவாக்கலை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவன் தோட்டத்துப் பிள்ளை என்றால், வீட்டில் ஒன்று கேட்டு வரச் சொல்லுங்கள். 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததே, அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் இருந்தாரா? தேயிலை வேலைக்கு விலக்கு இருந்தது. ஹட்டன் கடைவீதி பூட்டிக் கிடந்தபோதும் கொழுந்து நிறுவை நடந்தது. மூடியதால் நொடிந்தோம் என்ற வாதம் மலையகத்துக்கு வந்தால் அதற்குக் கால் தரிக்காது.

சுற்றுலா விழுந்தது உண்மைதான். நாம் ஊரடங்கே போடாமல் இருந்திருந்தாலும் அது விழுந்திருக்கும். ஆனால் 2019 டிசம்பரில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது எந்தக் கிருமி? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலில் நிறுத்தியது எந்தக் கிருமி?

இன்னொரு பக்கமும் உண்டு. நேரத்தோடு மூடிய 2020இல், ஒக்டோபர் ஆரம்பம் வரை நாட்டில் கொவிட் மரணங்கள் 13தான். 2021 ஓகஸ்டில், பொருளாதாரம் தாங்காது என்று மூடுவதைத் தள்ளிப்போட்டார்கள். அந்த மாதத்தில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரடங்கை நான் குறை சொல்லவில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. உயிரும் பொருளாதாரமும் எதிரெதிராக நின்றது கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசியவர்களுக்கு அல்ல, தோட்டத்தில் பேர் போடும், அதாவது அன்றைய நாள் வேலையைப் பதியும் இடத்தில் நின்ற பெண்ணுக்கு. காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் 14 நாள் தனிமைப்படுத்தல். அந்த 14 நாளும் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. கொழுந்து குறைந்தாலே அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் போடுகிற இடத்தில் யார் இருமலை வெளியே சொல்வார்கள்? ஒரே லயத்து அறையில் (காம்பிராவில்) ஆறேழு ஆட்கள், வரிசை வீடுகளான லயத்துக்கே ஒரு தண்ணீர்ப் பீலி. இதில் ஒரு மீற்றர் இடைவெளி விடச் சொல்லி அறிவித்தல் வேறு! தனிமையில் இருக்கும் நாளுக்கும் பேர் விழும் என்று அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தால் நோயும் குறைந்திருக்கும், அடுப்பும் எரிந்திருக்கும். 2021 மார்ச்சில் 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி போடத் தெரிந்தவர்களுக்கு அது எட்டாத வேலையல்ல.

அதிகாரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தனிமைப்படுத்தலுக்குக் கைகொடுத்த கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டினது, பிளேக் பயத்தில் பிறந்தது. தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டுத் தட்டப்பாறை முகாமிலும் பிறகு மண்டபம் முகாமிலும் அடைபட்டுக் கிடந்து, பரிசோதனை முடிந்த பிறகே இந்தப் பக்கம் வந்தார்கள். ஆள்வரத்து நிற்கக் கூடாது, நோயும் நுழையக் கூடாது என்பது வெள்ளைக்காரனின் கணக்கு. 2020இலும் கணக்கு பெரிதாக மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நோயைத் தடுக்க அரசாங்கம் வெகுதூரம் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதியது கூடியது ஓகஸ்ட் 20இல். இடைப்பட்ட மாதங்களில் ஊரடங்குக்குச் சட்ட அடிப்படை எது என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள், கேட்க வேண்டிய சபைதான் இல்லை. சபை கூடியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடலையும் எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் போட்ட விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. என்ன மருத்துவக் காரணத்தால் அடக்கத்தைத் தடுத்தார்கள் என்று அந்த மாணவனுக்கு நீங்கள் விளக்கிப் பாருங்கள், ஐயா. என்னால் முடியவில்லை.