வாலட்டைக் கூட்டுவதற்கு முன்னால்

கேள்வி: புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டைக்கு ஒரு க்யூஆர் ஒட்டி, விவரத்தைப் பாலிகான் என்ற பிளாக்செயின் சங்கிலியில் பதிகிறோம். ஏல நேரத்தில் பதிவுகள் குவிகின்றன. ஒன்று மாட்டினால் பின்னால் வருவது எல்லாமே நின்றுவிடுகிறது. ஐம்பது வாலட் (சங்கிலியில் பதிவை அனுப்பும் கணக்கு) வைத்துப் பிரித்து அனுப்பினால் சரியாகுமா?

பதில்: சரியாகும், ஆனால் ஐம்பது தேவைப்படாது. பாலிகான் போன்ற எத்தீரியம் வகைச் சங்கிலிகளில் ஒரு கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு. 41 ஏறாமல் 42 ஏறாது. 41க்குக் கட்டணம் குறைத்து வைத்திருந்தால், நாங்குநேரி டோல்கேட்டில் ஒற்றை லேனில் முதல் லாரி மக்கர் பண்ணிய கதைதான்.

அதனால் லேனைக் கூட்டலாம் என்று தோன்றுவது நியாயமே. அதற்கு முன் வண்டிகளைக் குறையுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அடிப்படைச் செலவே 21,000 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு). நூறு மூட்டைகளை ஒரே அழைப்பில் அனுப்பினால் அதை ஒரு தடவை கொடுத்தால் போதும். ஐந்து நொடி சேர்த்து வைத்து அனுப்புவதால் எந்த வியாபாரிக்கும் நட்டமில்லை. உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இதிலேயே தீரும் என்பது என் கணிப்பு. ஒரு பதிவு தப்பாக இருந்து நூறும் ரத்தாகாதபடி, கான்ட்ராக்ட் (சங்கிலியில் ஓடும் உங்கள் நிரல்) அதை மட்டும் தாண்டிப் போகட்டும்.

அப்புறமும் நெரிசல் இருந்தால் நாலைந்து வாலட் சேருங்கள். ஒரு வாலட்டுக்கு நான்ஸ் கொடுப்பது ஒரே ஒரு நிரலாக இருக்க வேண்டும். கொடுத்த எண்ணை டேட்டாபேஸில் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சங்கிலியோடு பேச உதவும் ஆர்பிசி சேவையைக் கேட்டால், அதன் பின்னால் இருக்கும் நோடுகள் (சங்கிலியை இயக்கும் கணினிகள்) ஆளுக்கொரு எண் சொல்லும். ஒரே மூட்டையின் ஏலமும் லாரி ஏற்றமும் முன்பின் மாறாமல் இருக்க, மூட்டை எண்ணை வைத்தே வாலட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பலர் சறுக்குவது மறுமுயற்சியில். முதல் வாலட்டில் மாட்டியதை இரண்டாவதிலிருந்து அனுப்புவார்கள். கட்டணம் இறங்கியதும் இரண்டும் ஏறிவிடும். மாட்டியதை அதே வாலட்டில், அதே நான்ஸில், உச்சக் கட்டணம், டிப் (சீக்கிரம் ஏற்றுவதற்குத் தரும் கூடுதல் தொகை) இரண்டையும் கூட்டி அனுப்புங்கள். எத்தீரியம் நோடுகளை இயக்கும் கெத் மென்பொருளில் இயல்பாகவே 10 சதவீதமாவது கூட்டினால்தான் பழையதை விடுத்துப் புதியதை ஏற்கும். வேண்டாமென்றால், அதே எண்ணில் உங்களுக்கே பூஜ்யத் தொகை அனுப்பி ரத்து செய்யலாம். ஒரு மூட்டையின் ஏலமோ ஏற்றமோ ஏற்கனவே பதிந்திருந்து மறுபடி வந்தால் கான்ட்ராக்டும் அதை ஏற்கக் கூடாது.

எல்லா வாலட்டுக்கும் பதியும் உரிமை கொடுக்க மறக்காதீர்கள். அதற்கு மேல் எந்த உரிமையும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் கேஸுக்கான இருப்பு குறைந்தால் நிரப்ப, தனியாக ஒரு வாலட் இருக்கட்டும்.

நேரடியாக இறங்குமுன் பாலிகானின் அமோய் சோதனைச் சங்கிலியில் வேண்டுமென்றே கட்டணத்தைக் குறைத்து ஒன்றை மாட்ட வைத்து, யாரும் கைவைக்காமல் வரிசை நகர்கிறதா என்று பாருங்கள்.