மலையிலும் ஒரு புன்னையா?

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் உலக முடிவுக்கு நடந்து போகும்போது ஒரு மரத்தின் இலை எங்கள் ஊர்ப் புன்னை மாதிரியே இருந்தது. கடற்கரை மரம் அந்தக் குளிருக்கு எப்படி வந்தது? – வாசகி, மூதூர்

பதில்: சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், தங்கச்சி. அது புன்னை அல்ல, புன்னையின் நெருங்கிய சொந்தம். இரண்டும் கலோபில்லம் பேரினம். உங்களுடையது கலோபில்லம் இனோபில்லம், இங்கே நிற்பது கலோபில்லம் வாக்கெரி. பட்டிப்பொலப் பக்கம் நாங்கள் கீன மரம் என்போம். நமது தேசிய மரமான நாகமரமும் இதே குடும்பம்தான்.

கீழே கிடக்கும் இலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் மெல்லிய நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக ஓடும். கலோபில்லத்துக்கு அதுதான் அடையாளம். புன்னை இலை உள்ளங்கையை நிறைக்கும். கீன இலை சிறிது, தடிப்பு. பூ இரண்டிலும் வெள்ளை, நடுவில் மஞ்சள்.

புன்னங்காய் கடலில் மிதந்து போய்க் கரையேறி முளைக்கும். அதனால் கிழக்கு ஆபிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை புன்னை உண்டு. உயிரினங்கள் அழியும் ஆபத்தைக் கணிக்கும் உலக சிவப்புப் பட்டியலும் அதற்கு ஆபத்துக் குறைவு என்றே சொல்கிறது.

கீன அப்படியல்ல. இலங்கையின் மலைக்காடுகளை விட்டால் அதற்கு வேறு இயற்கை வாழிடம் கிடையாது. ஹோட்டன் சமவெளியில் 2000 மீற்றருக்கு மேலே, உச்சி தட்டையாக விரிந்து, கிளையெல்லாம் பாசி படர்ந்து நிற்கும். அந்தப் பாசியும் இலையும் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. உங்கள் கொட்டியாரக்குடாவில் கடல் சேரும் மகாவலிக்கு நீர் கொண்டுவரும் அக்ரா ஓயா இங்கேதான் புறப்படுகிறது.

என் கவலையெல்லாம் கீன மரத்தைப் பற்றித்தான். இந்தச் சமவெளியிலுள்ள தொட்டுபொல மலையில் மரங்கள் பட்டுப்போவதை 1978இலேயே எழுதி எச்சரித்தார்கள். அதிகம் அடிபட்டவற்றில் கீனவும் ஒன்று. வறட்சி, மண்ணில் சத்துக்குறைவு, காற்று மாசு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் முடிவாகவில்லை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் உலக மரபுரிமை. கோடரியைத் தடுக்க அது போதும், நின்ற இடத்திலேயே காயும் மரத்துக்குப் போதாது. காரணம் தேடும் ஆய்வுக்குத்தான் இனிப் பணமும் ஆட்களும் வேண்டும்.

அடுத்த முறை வந்தால் பட்டிப்பொல வாசல் வழியாக வாருங்கள். தொட்டுபொல ஏறும் பாதை பக்கத்திலேயே இருக்கிறது.