கொள்ளுத்தாத்தாவின் வயதைப் பழைய மனு, பத்திரங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? (பெங்களூரில் இருக்கிறேன்)

முடியும். ஆனால் தாளில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல், அந்த இடத்தில் வயதை எதற்காகச் சொன்னார்கள் என்று பாருங்கள். உதவித்தொகை கேட்கும் மனுவில் வயது ஏறும். வேலை கேட்கும் மனுவில் இறங்கும்.

எங்கள் குடும்பம் வடஆற்காட்டிலிருந்து அல்சூருக்கு வந்தது. கொள்ளுத்தாத்தா 1937-இல் உதவித்தொகை கேட்டு எழுதிய மனுவின் நகலில் வயது 60. ஊர் நிலத்தை விற்ற 1921 கிரயப் பத்திரத்தில் ‘வயது சுமார் 40’. மனுப்படி பிறந்தது 1877, பத்திரப்படி 1881. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது 1896-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் அவர் வயதே இல்லை. ‘மைனர், கார்டியன் தாயார்’ என்று மட்டும் இருந்தது. 1875-ஆம் வருடத்து மேஜர் வயதுச் சட்டப்படி 18 நிரம்பாதவர் மைனர். ஆக, 1878-க்கு முன் பிறந்திருக்க வழியில்லை. 1937-இல் அறுபதும் ஆகியிருக்காது. (அந்தக் காலத்தில் கோர்ட் நியமித்த கார்டியன் என்றால் 21 வரை மைனர்தான். கணக்கே மாறிவிடும், கவனம்.)

‘சுமார் 40’ என்பதை 35 முதல் 45 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு வயது ஐந்திலோ பூஜ்யத்திலோதான் முடியும்.

கடைசியில் ஒரு ஜாதகம் கிடைத்தது: சித்திரபானு வருஷம். அறுபது வருடச் சுற்றில் அது 1822, 1882, 1942-இல்தான் வரும். 1882 எல்லாவற்றோடும் பொருந்துகிறது. மனுவில் ஐந்தாறு வயது கூட்டிப் போட்டிருக்கிறார், பாவம். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜாதகம் இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்: தாது வருஷப் பஞ்சம் (1876-78), பெங்களூர் பிளேக் (1898), எம்டன் குண்டு போட்டது (1914). பாட்டிகளுக்கு இன்னொரு துப்பு உண்டு. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. அதன்படி அப்போது பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கல்யாண வயது 14. ‘சட்டம் வருதுன்னு அவசரமா முடிச்சாங்க’ என்று யாராவது சொன்னால், மணப்பெண்ணுக்கு அப்போது பெரும்பாலும் பதினான்கு ஆகவில்லை என்று கொள்ளலாம்.

சென்சஸில் தனி ஆள் விவரம் கிடைக்காது, அதற்காக அலைய வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் முதலில் சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு. அதற்கு ஈடு எதுவும் இல்லை. மனுக்களைத் தேடும்போது முன்னோர் கன்டோன்மென்டில் இருந்தார்களா, பேட்டைப் பக்கமா என்று பாருங்கள். 1947 வரை கன்டோன்மென்ட் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (மைசூரில் இருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கையில் இருந்தது, பேட்டை மைசூர் அரசுக்கு உட்பட்டது. மைசூர் அரசுக் கோப்புகளுக்குக் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். ரெசிடென்ட் பக்கத்துக் கோப்புகளை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பெயரை விதவிதமான ஆங்கில எழுத்துக்கூட்டில் போட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பத்திரம், பிறகுதான் மனு. பத்திர எண் தெரியாவிட்டாலும், சொந்த ஊர் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பெயரையும் கிராமத்தையும் சொல்லி இண்டெக்ஸில் தேட மனு கொடுக்கலாம். கிடைத்தால் சான்றிட்ட நகல் தருவார்கள்.