பார்சிலோனா டு பலெர்மோ, பாஸ் இல்லாம

வணக்கம் அக்கா,

நான் ஷ்டுட்கார்ட்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், சொந்த ஊர் ஈரோடு. ஆகஸ்ட்ல நானும் ரூம்மேட்டும் பார்சிலோனால ஆரம்பிச்சு மார்சேய், நீஸ், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ்னு கடலோரமாவே ட்ரெயின்ல போய் பலெர்மோல முடிக்கலாம்னு இருக்கோம், ரெண்டு வாரம். யூரெயில் பாஸ் எடுத்தா எந்த ட்ரெயின்ல வேணா ஏறிக்கலாம்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. எங்ககிட்ட இருக்கிறது பார்ட்-டைம் வேலை காசுதான். பாஸ் எடுக்கலாமா? நைட் ட்ரெயின்ல போனா ஹாஸ்டல் காசு மிச்சமாகுமா? ரூம்மேட் சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டா, அவளுக்கு சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

க.


அன்புள்ள க.,

முதல்ல, உங்களுக்கு யூரெயிலே கிடையாது. அது ஐரோப்பாவுக்கு வெளிய குடியிருக்கறவங்களுக்கு. நீங்க ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்ல இருக்கறதால, பாஸ்போர்ட் இந்தியாவோடதா இருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்கணும். அதுலயும் நீங்க குடியிருக்கிற நாட்டுக்குள்ள வெளிய போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்ளோதான் செல்லும். இதைச் சொல்லாம வீடியோ போடறவங்களை என்ன சொல்றது.

சரி, இன்டர்ரெயில் எடுக்கலாமான்னா, இந்த ரூட்டுக்கு வேணாம்னுதான் சொல்வேன். ஜெர்மனில பாஸை காட்டிட்டு ஐசிஇ-ல (அங்கத்து ஃபாஸ்ட் ட்ரெயின்) ஏறி உக்காந்துடலாம், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, ஆனா நீங்க போற மூணு நாடும் அப்படி இல்ல, ஸ்பெயின், ஃபிரான்ஸ், இத்தாலி மூணுலயும் ஃபாஸ்ட் ட்ரெயின்னா பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷன் தனியா காசு குடுத்து போடணும், ஃபிரான்ஸோட ஃபாஸ்ட் ட்ரெயின் டிஜிவி-ல பாஸ்காரங்களுக்குன்னு கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவாங்க, சீசன்ல அது காலியாயிடும். 4 நாள் பாஸே யூத் ரேட்ல 200 யூரோவைத் தாண்டும், தள்ளுபடி போடாத நாள்ல. அதுக்கு மேல ரிசர்வேஷன். அவ்ளோ குடுத்து ஏறினா அந்த ட்ரெயின் பல இடத்துல கடலை விட்டு தள்ளி உள்பக்கமா, டனல் டனலா பறந்து போயிடும். நீங்க கடலோரமாதானே போகணும்னு சொன்னீங்க?

இந்தக் கரை முழுக்க லோக்கல் ட்ரெயின் ஓடுது. டிக்கெட் தூரத்துக்கு ஏத்த விலை, பெரும்பாலும் இன்னைக்கு வாங்கினாலும் ஒரு மாசம் முன்னாடி வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்ல, சீட் நம்பரும் கிடையாது, ஒரு ஊர் பிடிச்சுட்டா இறங்கிட்டு அடுத்ததுல போலாம். நீஸ்ல இருந்து இத்தாலி பார்டர் ஸ்டேஷன் வென்டிமில்யா வரைக்கும், நடுவுல மொனாக்கோ, மென்டோன் எல்லாம் வரும், பத்து யூரோக்குள்ள முடிஞ்சிடும். ரோம் டு நேப்பிள்ஸ் ரீஜியனாலே (இத்தாலி லோக்கல் ட்ரெயின்) சுமார் 13 யூரோ, மூணு மணி நேரம் ஆகும், ஃபாஸ்ட் ட்ரெயின் ஒண்ணேகால் மணில போகும்தான், லீவுல போறவங்களுக்கு அப்படி என்ன அவசரம்? ஃபோர்மியா வழியா போற வண்டியா பார்த்து ஏறுங்க, கஸ்ஸீனோ வழியா போறது மலைப்பக்கம்.

முக்கியமான விஷயம், பார்சிலோனால இருந்து பலெர்மோ வரைக்கும் எந்த ட்ரெயின்ல ஏறினாலும் வலது பக்கம் உக்காருங்க. மேப்ல விரல் வச்சு பாருங்க, ஸ்பெயின்லயும் வலது, நீஸ், ஜெனோவா பக்கத்து ரிவியேரா கரையிலயும் வலது, இத்தாலி கீழ இறங்கும்போதும் வலது, சிசிலில மேற்கே திரும்பினப்புறமும் வலதுதான்.

பார்சிலோனால ஆரம்பிக்கறப்ப டிஜிவி-யும் ஸ்பெயினோட ஃபாஸ்ட் ட்ரெயின் ஆவேயும் எடுக்காதீங்க (ரொம்ப முன்னாடியே புக் பண்ணி மலிவா கிடைச்சா உங்க இஷ்டம்). சான்ட்ஸ் ஸ்டேஷன்ல ஆர்11 லோக்கல், ரெண்டரை மணி நேரத்துல போர்ட்போ, ஸ்பெயினோட கடைசி ஊர். ஊர் சின்னது, ஸ்டேஷன் மட்டும் அந்த ஊருக்கு சம்பந்தமே இல்லாத சைஸ்ல கண்ணாடி கூரையோட பெருசா நிக்கும். காரணம் தண்டவாளம். ஸ்பெயின்ல அகலம் 1,668 மில்லிமீட்டர், ஃபிரான்ஸ்ல 1,435. நம்ம ஊர் பிராட்கேஜ் 1,676, அதாவது ஸ்பெயின்காரன் நமக்கு 8 மில்லிமீட்டர் தூரத்து சொந்தம், பக்கத்து வீட்டு ஃபிரான்ஸோட ஒத்துப்போகல. அதனால அந்தக் காலத்துல எல்லாரும் மூட்டையைத் தூக்கிட்டு இறங்கி வண்டி மாறணும், கஸ்டம்ஸ், சரக்கு ஏத்தி இறக்கறதுன்னு ஊரே அதுலதான் ஓடிச்சு. 2010ல மலையைக் குடைஞ்சு ஃபிரான்ஸ் அகலத்துலயே (ஸ்டாண்டர்டு கேஜ்) புது லைன் வந்தப்புறம் ஃபாஸ்ட் ட்ரெயின் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்பவும் பழைய லைன்ல போனா மாறித்தான் ஆகணும். வடக்கே போறவங்க டனலுக்கு அந்தப் பக்கம் ஃபிரான்ஸ்ல செர்பேர்ல மாறணும், அதனால உங்க ஆர்11 செர்பேர் வரைக்கும் போகுதா, போர்ட்போவோட நின்னுடுமான்னு ஏறும்போதே பார்த்துக்குங்க. நேரம் இருந்தா போர்ட்போல இறங்கி கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடங்க, நாஜிகளுக்குத் தப்பி மலையேறி வந்த ஜெர்மன் யூத சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1940ல செத்தது இந்த ஊர்லதான், அவர் நினைவா ஒரு இரும்புப் படிக்கட்டு நேரா கடலைப் பார்த்து இறங்கும். செர்பேர்ல இருந்து கோலியூர், பெர்ப்பின்யான், நார்போன்னு மாறி மாறி மார்சேய் போக ஒரு நாள் முழுக்க ஆகும், ஒரே மூச்சுல வேணாம், நடுவுல செத் (Sète)ங்கற ஊர்ல ஒரு ராத்திரி தங்கிடுங்க.

இத்தாலில ஒரு பொறி இருக்கு. ரீஜியனாலேக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்கிற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், குத்தலைன்னா காசு குடுத்து வாங்கின டிக்கெட்டே ஆனாலும் ஃபைன்தான். ஆப்ல வாங்கினா செக்-இன் பண்ணணும். அப்புறம் ஸ்ட்ரைக், அங்க அடிக்கடி வரும், ஆனா முன்கூட்டியே அறிவிச்சிடுவாங்க, வேலைநாள்ல காலைல 6 டு 9, சாயந்திரம் 6 டு 9 லோக்கல் ட்ரெயின் ஓடியாகணும்னு ரூல் இருக்கு, அதை வச்சு பிளான் பண்ணிக்கலாம். பாஸ்போர்ட்டும் பெர்மிட் கார்டும் ஒரிஜினல் கையிலயே இருக்கட்டும், ஃபிரான்ஸ் 2015ல இருந்து பார்டர் செக் வச்சிருக்கு, இத்தாலில இருந்து ஃபிரான்ஸ் வர்ற பக்கம்தான் கெடுபிடி அதிகம், நீங்க எதிர் திசை, இருந்தாலும் போலீஸ் ஏறினா நம்ம நிறத்துல இருக்கறவங்ககிட்டதான் முதல்ல வருவாங்க, அது அப்படித்தான் இருக்கு.

நைட் ட்ரெயின் பத்தி கேட்டீங்க. நேப்பிள்ஸ் டு பலெர்மோக்கு இன்டர்சிட்டி நோட்டே இருக்கு, ஆனா பெர்த் காசு கிட்டத்தட்ட ஹாஸ்டல் காசுதான் வரும், மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல. பகல் இன்டர்சிட்டில போங்க. இதுக்கு மட்டும் முன்கூட்டி புக் பண்ணுங்க, விலை குறையும். பலெர்மோ இருக்கிற சிசிலி ஒரு தீவு, அதனால இந்தப் பக்கக் கரையில வில்லா சான் ஜோவான்னில ட்ரெயின் நிக்கும், கரன்ட் கட் ஆகி ஏசி அடங்கும், அப்புறம் ஒரு ஷண்டிங் எஞ்சின் வந்து பெட்டிகளை துண்டு துண்டா பிரிச்சு கப்பலோட வயித்துக்குள்ள தள்ளும், உள்ளயும் தண்டவாளம் போட்டிருக்கும், டங்கு டங்குன்னு இடிச்சு நிக்கும். பெட்டிலயே உக்காந்திருக்காதீங்க, படியேறி மேல் டெக்குக்கு போங்க. அங்க கேன்டீன்ல அரிசில உருட்டி பொரிச்ச அரன்சீனோ விப்பாங்க, கடலைத் தாண்டும்போது அதைத் தின்னணும்ங்கறது சிசிலிக்காரங்க வழக்கம், உள்ள கறி வச்சதுதான் நிறைய, ரூம்மேட் கேட்டு வாங்கட்டும். கடல்ல இருக்கறது அரை மணி நேரம்கூட இல்ல, மெஸ்ஸீனா துறைமுக வாசல்ல தூண் மேல தங்க மாதா நிப்பாங்க. இங்க பாலம் கட்டறோம்னு பல வருஷமா சொல்லிட்டே இருக்காங்க, அதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க.

உங்க ரூம்மேட்டுக்கு கவலையே வேணாம், இந்தக் கரை முழுக்க கடலை மாவுலதான் ஓடுது. மார்சேய்ல பனீஸ், நீஸ்ல சொக்கா, ஜெனோவால ஃபரினாத்தா, பலெர்மோல பனெல்லே. முட்டை கிடையாது, பால் கிடையாது. சொக்கா கடலை மாவு, தண்ணி, ஆலிவ் ஆயில், உப்பு மட்டும், பெரிய தாம்பாளத்துல ஊத்தி விறகு அடுப்புல வாட்டி, சுரண்டி காகிதத்துல வச்சு மிளகுத்தூள் தூவி தருவாங்க, ஓரம் கருகி இருக்கும், அந்த ஓரத்தைத்தான் கேட்டு வாங்கணும். பலெர்மோ பனெல்லே பன்னுக்குள்ள வச்ச பஜ்ஜி மாதிரி. நேப்பிள்ஸ்ல பீட்சா மரினாரா, சீஸ்கூட கிடையாது, மெனுலயே மலிவானதும் அதுதான். ஜெனோவா பெஸ்தோல (பேசில் இலை அரைச்ச சாஸ்) மட்டும் சீஸ் இருக்கும், அந்த சீஸ்ல கன்னுக்குட்டி இரைப்பைல எடுத்த, பாலைத் திரிய வைக்கிற ரென்னெட் சேர்க்கறாங்க, அவ அதுவரைக்கும் பார்ப்பாளான்னு நீங்கதான் சொல்லணும்.

கடைசியா, ஆகஸ்ட் வேணாம். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலியே குடும்பத்தோட கடலுக்குக் கிளம்பற நேரம், லோக்கல் ட்ரெயின்ல நிக்கக்கூட இடம் இருக்காது, ஹாஸ்டல் ரேட் ஏறிப்போய் நான் சொன்ன கணக்கெல்லாம் அடிபடும். உங்களுக்கு வின்டர் செமஸ்டர் க்ளாஸ் அக்டோபர்லதானே, செப்டம்பர் நடுவுல கிளம்புங்க, தண்ணி அப்பவும் குளிக்கற சூடுலதான் இருக்கும். எக்ஸாம் ஏதாவது செப்டம்பர்ல தள்ளிப்போட்டு வச்சிருந்தீங்கன்னா தேதியைப் பார்த்துட்டு எழுதுங்க, எந்த ஊரை வெட்டலாம்னு பேசுவோம். என்னைக் கேட்டா ரோமைத்தான் வெட்டுவேன்.