எச்.பி.வி.யும் தொண்டைப் புற்றுநோயும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: வாய்ப் புற்றுநோய் எல்லாமே எச்.பி.வி. என்ற ஹியூமன் பாப்பிலோமா வைரஸால்தான் வருகிறதா?

பதில்: இல்லை. கன்னம், ஈறு, நாக்கின் முன்பகுதியில் வருவதற்குப் பெரும்பாலும் புகையிலை, பாக்கு, மதுதான் காரணம். எச்.பி.வி.க்குப் பிடித்த இடம் இன்னும் உள்ளே, டான்சிலும் அடிநாக்கும். 200க்கும் மேற்பட்ட வகைகளில் இங்கே முக்கியக் குற்றவாளி 16ஆம் வகை. அதன் இ6 புரதம் செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53ஐ அழித்துவிடும், இ7 புரதம் ஆர்பி என்ற இன்னொரு காவலை முடக்கிவிடும், அப்புறம் செல் பெருகுவதைத் தடுக்க ஆளில்லை.

கேள்வி: தொற்று வந்தாலே புற்றுநோய் உறுதியா?

பதில்: உறுதியில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடலே அதை விரட்டிவிடும். விலகாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் ஆபத்து.

கேள்வி: என் கணவருக்கு டான்சிலில் புற்றுநோய். பயாப்ஸியில் பி16 பாசிட்டிவ் என்கிறார்கள். யாரிடமிருந்து வந்திருக்கும் என்ற எண்ணமே தூங்கவிடவில்லை.

பதில்: அம்மா, முதலில் இதைக் கேளுங்கள். பி16 என்பது எச்.பி.வி.யால் வந்த கட்டியில் அதிகமாகத் தென்படும் ஒரு புரதம், அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எச்.பி.வி.தான் காரணம். அந்த வைரஸ் பெரும்பாலும் வாய்வழி உறவால் பரவுகிறது, உண்மைதான். ஆனால் தொற்றுக்கும் கட்டிக்கும் நடுவே பல பத்தாண்டுகள்கூடப் போயிருக்கலாம், உங்கள் திருமணத்துக்கு முன்பே வந்ததாகவும் இருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அதை வைத்து அவரையோ உங்களையோ குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பி16 பாசிட்டிவ் என்பது சிகிச்சைக்கு நல்லபடி பலன் கிடைக்கும் என்பதற்கான அடையாளம். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களில், எச்.பி.வி. இருந்தவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இல்லாதவர்களில் 57 சதவீதம்தான். அவர் புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அந்தச் சாதகத்தைப் புகை குறைத்துவிடும்.

கேள்வி: தடுப்பூசி பையன்களுக்கும் போடலாமா?

பதில்: கண்டிப்பாக. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்லது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது போக்காது, அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறோம்.

கேள்வி: கழுத்தில் ஒரு பக்கம் கட்டி, வலியே இல்லை. ஒரு மாதமாகிறது. நெறிகட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: எச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்றுநோய் பலருக்கு முதலில் இப்படித்தான் தெரிய வருகிறது. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுக்காதீர்கள். மூன்று வாரம் தாண்டிவிட்டதால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் மட்டும் எழுதித் தந்தால் 'ஊசி வைத்துச் சோதிக்க வேண்டாமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள்.